இபிஎஃப் பணத்தில் கை வைக்கும் முன்

மலேசிய ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணத்தை முன்கூட்டியே எடுப்பவர்களை ஊதாரிகள் என்று பேசுவோர் உண்டு. உலு திராமில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடகை, மோட்டார் தவணை, பள்ளிச் செலவு போனால் சம்பளத்தில் என்ன நிற்கும்? கைக்கு வருமுன்பே 11 விழுக்காடு பிடித்துவிடுவதால்தான் பலருக்குச் சேமிப்பு என்று ஒன்று இருக்கிறது. அவசரம் வந்தால் அதைத்தான் தொடுவார்கள். கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு ஆகிய திட்டங்களில் 81 லட்சம் பேர் 14,500 கோடி ரிங்கிட் எடுத்தார்கள். வேலை போய், அரிசி வாங்க எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பயமும் ஒரு காரணம். தோட்டத்தில் வளர்ந்த ஒரு அக்கா சொன்னார்: “எங்கப்பா 55 வயசுக்குக் காத்திருந்தாரு, காசைக் கண்ணால பாக்காமலே போயிட்டாரு.” லாப ஈவுக் கணக்கு இதற்குப் பதிலாகாது. வாரிசு நியமனம் செய்தாயிற்றா என்றுதான் இவர்களிடம் முதலில் கேட்பேன். பணம் வீணாகாமல் பிள்ளைகளுக்குப் போகும் என்று தெரிந்தால் பாதிப் பயம் அடங்கிவிடும்.

எந்தக் கணக்கில் எடுப்பது என்பதும் முக்கியம். 2024 மே முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா ஓய்வுகாலக் கணக்குக்கு 75, செஜாத்ராவுக்கு 15, ஃபிளெக்சிபலுக்கு 10 விழுக்காடு எனப் பிரிகிறது. ஃபிளெக்சிபலில் 50 வெள்ளி இருந்தாலே கைப்பேசியில் எடுத்துவிடலாம். அதனால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர், மகனின் டிப்ளோமா கட்டணத்துக்கு அதைத் துடைத்துவிட்டு, மீதிக்கு வட்டிக்குக் கடன் வாங்கக் கிளம்பினார். “அண்ணே, செஜாத்ராவில் கல்விக்கென்றே எடுக்கலாமே” என்றதும் திகைத்துப்போனார். கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் மேசையில் பரப்பி, அன்று மாலையே விண்ணப்பத்தை நிரப்பினோம். வீடு, மருத்துவத்துக்கும் அந்தக் கணக்கில் வழி உண்டு.

திருமண மண்டபத்துக்கும் கார் முன்பணத்துக்கும் கேட்டு வருபவர்களை மட்டும் தடுத்துப் பார்ப்பேன். ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டாலும் இன்றைய 10,000 வெள்ளி 20 ஆண்டில் 26,500 ஆகும். வட்டி முதலையிடம் போவதா, இதை எடுப்பதா என்ற நிலை வந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். கூடவே, மாதம் ஐம்பது வெள்ளியாவது வேறொரு வங்கிக் கணக்கில் ஒதுக்கச் சொல்வேன்.

விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அங்குள்ள சேமநிதியான சிபிஎஃப் இல்லை, இங்கே இபிஎஃபும் நின்றுபோகும். இபிஎஃபில் நாமே விரும்பிப் பணம் கட்டலாம் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

55 ஆனதும் மொத்தத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. தேவைக்கு எடுத்து மீதியை விட்டுவைத்தால் அதற்கும் ஆண்டுதோறும் லாப ஈவு சேரும். வேலை ஓய்வு வயது 2013 முதல் 60 என்பதால், அந்த ஐந்தாண்டும் சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கும்.