மண்புழுப் பசளைப் பெட்டி

மலைச்சரிவிற் பெய்யும் மழை மேல்மண்ணை வாரிச் செல்லும் பண்டாரவளைப் பகுதியில், வீட்டுத்தோட்டஞ் செய்வோர்க்கு மண்வளமே முதற் கவலை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்படுமுன்னரே நெல்லும் தேயிலையும் நலிவுற்றன. இயற்கைப் பசளை ஒரே நாளில் உண்டாவதன்று. முன்னரே ஆக்கிவைத்தற்குரியது என்பதே அது புகட்டிய பாடம்.

ஓரடி ஆழமுள்ள மரப்பெட்டியின் அடியில் துளைகளிட்டு, நனைத்துப் பிழிந்த தும்பும் சருகும் பரப்புக. நிலத்தை ஆழத் துளைத்து வாழும் புழு இதற்கு உதவாது. சாணக்குவியலில் மேலாக வாழும் செம்புழுவே ஏற்றது. ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ கழிவை உண்ணும். மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் இடலாம். இறைச்சி, எண்ணெய், உப்பு, தேசிக்காய் ஆகா. நாற்றம் எழுமாயின் உணவோ ஈரமோ மிகுந்ததென்றறிந்து, உணவை நிறுத்திச் சருகு சேர்க்க. 15 முதல் 25 பாகை வரையிலான வெப்பம் புழுவுக்கு உகந்தது. ஆதலின் நம் மலைக்காற்று இதற்குத் துணையே.

மூன்று மாதங்களிற் கரிய பசளை விளையும். புதிய உணவை ஒரு புறமே இடின் புழுக்கள் அங்கு நகரும். மறுபுறத்துப் பசளையை அள்ளலாம். பெருந்தோட்டத் தேயிலைக்கு இது போதாதெனினும், லயத்து முற்றத்துக் கீரைப்பாத்திக்குப் போதும். மாணவர் இன்றே தொடங்குவாராக.