குறை எண்களைப் படியேறிக் கற்கலாம்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அலிபிரி படிக்கட்டைத் தெரியும். திருமலை வரை சுமார் 3,550 படிகள். ஆறாம் வகுப்பு முழுக்களைச் சொல்லித்தர அதைவிடப் பொருத்தமான எண்கோடு கிடைக்காது. வீட்டு மாடிப்படியும் போதும்.

நடுவில் ஒரு படியில் சுண்ணக்கட்டியால் 0 எழுதுங்கள். மேலே 1, 2, 3. கீழே -1, -2, -3. கூட்ட வேண்டிய எண் மிகை என்றால் ஏற வேண்டும், குறை என்றால் இறங்க வேண்டும். 3 + (-5) என்றால் 3-இல் நின்று ஐந்து படி இறங்கட்டும்; -2-இல் நிற்பார்கள்.

பெரும்பாலான தவறுகள் எண்ணத் தொடங்கும்போதே நேர்கின்றன. நிற்கும் படியையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவார்கள், விடை ஒன்று பிசகும். காலை எடுத்து அடுத்த படியில் வைத்த பிறகே ‘ஒன்று’ சொல்லப் பழக்குங்கள்.

-7 பெரிதா, -3 பெரிதா? மேலே இருப்பதே பெரிது. இதை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், நிற்கவைத்துக் காட்டுங்கள்.

இங்கிலாந்துக் கணிதர் ஜான் வாலிஸ் 1685-இல் குறை எண்களை இப்படி நடையைக் கொண்டுதான் விளக்கினார்: ஐந்து கஜம் முன்னே போய் எட்டு கஜம் பின்வாங்கியவர் -3-இல் இருக்கிறார்.

கால் பழகிய பிறகு நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள். விதிகளை அதற்குப் பிறகு சொல்லித்தந்தால் போதும்.