இருதலைப் பாம்பின் பகலுறக்கம்

கேள்வி: இறப்பர் மலையில் அகப்பட்ட இருதலைப் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறேன். பகலெல்லாம் அசைவற்றுக் கிடக்கிறதே, நோயா?
— வாசகர், பெல்மதுளை

பதில்: நோயன்று, சுபாவம். சிங்கள மக்கள் ‘தெபத் நயா’ என்றழைக்கும் இப்பிராணி, இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாததும், விஷமற்றதும், பகலில் ஈரமண்ணிலும் சருகினடியிலும் மறைந்திருந்து இரவிலே மண்புழுக்களையும் சிறு பாம்புகளையும் இரைகொள்வதுமான ஜாதியாகும். அச்சமுற்றால் தலையை உடற்சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, தட்டையாக்கிய வாலை உயர்த்தி, நாகம் படமெடுத்தாற்போல் ஆட்டும்; அந்தப் பாசாங்கை மெய்யென்று நம்பி அதனை அடித்துக் கொல்வோர் நம்மவரில் அநேகர். தங்கள் பெட்டியில் துளைத்துச் செல்ல ஈரமண் உண்டா? வனசீவிகளைப் பிடித்து வளர்ப்பதோ, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். ஆதலால், அந்தி சாய்ந்ததும், எடுத்த இடத்திலேயே சருகோரமாக விட்டுவிடுங்கள்.