மென்பொருளை வேரோடு களைவது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்பவர்கள் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் சுவரில் அடித்த ஆணி அங்கேயே இருக்கும். பரண்மேல் உடைந்த வாளி கிடக்கும். அவர்கள் பெயருக்கு வரும் கடிதங்கள் பல மாதம் நம் வாசலுக்கே வந்துகொண்டிருக்கும். கணினியிலிருந்து ஒரு மென்பொருளை நீக்கும்போதும் இதுவே நடக்கிறது.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கணினி என்னைவிட நான்கு வயதுதான் இளையது. என் அம்மா அதில் வினாத்தாள், திருமண அழைப்பிதழ், மனு எனப் பலவற்றையும் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். அதனால் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும், காலாவதியான வைரஸ் தடுப்பு ஒன்றும் அதில் தங்கிவிட்டன. விடுமுறையில் அவற்றை நீக்கியபோது கற்றவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் கூற விரும்புகிறேன்.

திரையிலுள்ள படக்குறியை அழித்தால் மென்பொருள் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை மட்டுமே. செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ் என்பதற்குள் சென்று, அன்இன்ஸ்டால் கட்டளை கொடுப்பதே முறை. அதற்குமுன் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிக்கொண்டால், தவறு நேர்ந்தாலும் கணினியின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். நீக்கியதும் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்க முடியாதாகையால், விண்டோஸ் அதை அடுத்த தொடக்கத்தில்தான் அழிக்கும்.

இத்தனை செய்தும் எல்லாம் போவதில்லை. ஏன்? நிறுவிய நாளில் வைத்த கோப்புகளின் பட்டியல்தான் நீக்கும் நிரலிடம் இருக்கும். பின்னர் நாம் பயன்படுத்தப் பயன்படுத்த உண்டானவை அதில் இரா. மீண்டும் நிறுவினால் பழைய அமைப்பு கிடைக்கட்டும் என்று சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. வேறு மென்பொருளுக்கும் பயன்படும் பொதுக் கோப்பையும் அது தொடாது. கூட்டுக் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து போகிறவர் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டா போகிறார்!

எஞ்சியவை பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா, ஆப் டேட்டா ஆகிய மூன்று ஃபோல்டர்களில் கிடக்கும். பின்னிரண்டும் மறைந்திருப்பவை, ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டும்படி அமைத்தால் தெரியும். நீக்கிய மென்பொருளின் பெயரிலோ அதன் நிறுவனத்தின் பெயரிலோ உள்ள ஃபோல்டரை மட்டும் அழிக்கலாம். அந்நிறுவனத்தின் வேறு மென்பொருள் கணினியில் இருந்தால் கை வைக்கக் கூடாது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருள் இயங்குதளத்தின் அடிவரை வேர்விடுவதால், நார்ட்டன், மெக்காஃபி போன்றவை அதற்கெனத் தனி நீக்கு கருவியையே தருகின்றன.

அடுத்தது ரெஜிஸ்ட்ரி. விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைத்திருக்கும் பெரிய பேரேடு இது. இதில் எஞ்சிய வரிகளால் கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லி, துடைக்கும் கருவிகளை விற்பவர்கள் பலர். என் கருத்தில் அதை விட்டுவிடுவதே நலம். சில வரிகள் பிடிக்கும் இடம் மிகச் சிறிது. தவறான வரியை அழித்தாலோ விண்டோஸையே மறுபடி நிறுவ நேரலாம். இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறியுள்ளது. 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பில், தயாரித்தவர்களுக்கே தெரியாமல் தீய நிரல் புகுத்தப்பட்டிருந்தது. செப்டம்பரில் செய்தி வெளிவந்தபோது சுமார் 22.7 லட்சம் பேர் அதை நிறுவியிருந்தனர். துடைப்பமே அழுக்கைக் கொண்டுவந்த கதை!

இனி நம் தமிழ் வீடுகளுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பழைய தமிழ் மென்பொருளை நீக்கினாலும் அதன் எழுத்துரு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பெரும்பாலும் நின்றுவிடும். அதையும் குப்பை என்று எண்ணி அழித்தால், அந்த எழுத்துருவில் அடித்த கோப்புகள் எல்லாம் படிக்க முடியாதவை ஆகிவிடும்.

காரணம் இதுதான். பழைய எழுத்துருக்களில் தமிழுக்கென்று தனி இடம் இல்லை. பாமினி எழுத்துருவில் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தின் இருக்கையில் ‘அ’ அமர்ந்திருக்கும். ‘கே’யின் இருக்கையில் ‘ம’ இருக்கும். கணினி அறிந்தது ஆங்கில எழுத்தை மட்டுமே. தமிழ் அதற்குமேல் போர்த்திய போர்வை. எழுத்துருவை அழித்தால் ‘அம்மா’ என்ற சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஆளுக்கொரு முறை வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது. அங்கிருந்து டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 1991-இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடை, 2010-இல் தமிழக அரசு தரமாக ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன.

ஆகவே முதலில் மாற்ற வேண்டும். பிறகுதான் நீக்க வேண்டும். பழைய எழுத்துரு இருக்கும்போதே கோப்பைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் எழுத்துரு அதனுள் பதிந்துவிடும், ஒப்புநோக்க உதவும். பின்பு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியை முழுதும் நம்பக் கூடாது. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியும் ‘ள’வும் ஒரே வடிவமாதலால், ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்று வந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் மட்டும் கிடைக்காது. இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ் என்றெண்ணி உருக்குலைத்துவிடும்.

லால்குடிப் பக்கத்து எங்கள் ஊரின் கதையைத் தாத்தா சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்த 42 பக்கங்கள் பாமினியில்தான் உள்ளன. தாத்தா இப்போது இல்லை. அம்மாவும் நானும் இரவு உணவுக்குப் பின் பி.டி.எஃப்.-ஐ அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டு வருகிறோம். 31 பக்கங்கள் முடிந்துள்ளன. மற்றவை முடியும்வரை அந்த எழுத்துரு எங்கள் கணினியில் இருக்கும்.