குடும்பத்தோடு ஒரு பகல்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இவ்வருஷம் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?" ஊட்டி என்பார் ஒருவர், கொடைக்கானல் என்பார் மற்றொருவர். கணக்குப் போட்டால் கைப்பணம் போதாது. நடக்க மாட்டாத பாட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி வேறு. முடிவில் பல குடும்பங்கள் எங்கும் போவதில்லை. சில குடும்பங்கள் கடன் வாங்கிக்கொண்டு, பாட்டியை அண்டை வீட்டார் பொறுப்பில் விட்டுப் போய், இரண்டு இரவு வண்டியிலேயே தூங்கி, பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறோடு திரும்பி, அடுத்த விடுமுறை வரையில் தவணை கட்டுகின்றன.

தூரப் பிரயாணம் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. வசதியுள்ளவர்கள் போய் வரட்டும். ஆனால் குடும்பம் முழுவதும் சேர்ந்து மகிழ்வதற்கு மலையேறித்தான் ஆகவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? பாட்டி வரக்கூடிய இடம், கைக்குழந்தை வரக்கூடிய இடம், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய தகப்பன் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பக்கூடிய இடம், இதுவே குடும்ப உலாவுக்கு ஏற்ற இடம். கொள்ளிடத்தின் வடகரையில் குடியிருக்கும் நமக்கு அப்படிப்பட்ட இடங்கள் மூன்று உண்டு: மேற்கே முக்கொம்பு, தெற்கே கல்லணை, கிழக்கே கரைவெட்டி ஏரி. "அதெல்லாம் பார்த்ததுதானே, சாமி!" என்பீர்கள். எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

ஏனெனில் இடத்தைவிடக் காலமே முக்கியம். பங்குனி வெயிலில் முக்கொம்புக்குப் போனவர் மதகுகளையும் மணலையும் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்புகிறார். அவர் முக்கொம்பைப் பார்த்தார் என்று சொல்வதற்கில்லை.

ஆற்றின் காலம் மேட்டூரில் தொடங்குகிறது. குறுவைப் பயிருக்காக மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் நம் பக்கம் வந்து சேர மூன்று நான்கு நாள் பிடிக்கும். கல்லணையில் மதகைத் திறக்கும் அன்று பூவும் விதைநெல்லும் தூவி வரவேற்பார்கள். ஆனால் காலண்டரை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. 2022-ஆம் ஆண்டில் அணை நிரம்பியிருந்தபடியால் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஆகையால் ஆனி மாதம் பிறந்ததும் பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் படித்துச் சொல்லும் வேலையை வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். புறப்படும் நாளுக்கு முன்பே உலா தொடங்கிவிடும்.

சிறிது காலத்துக்கு முன் ஞானோபதேச வகுப்பில் சிறுவர் சிறுமியரிடம் ஓர் ஆறு வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே படத்தையே வரைந்தார்கள்: பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே நீல நிறத்தில் ஆறு. ஒரு பெண் மட்டும் பழுப்பு வண்ணத்தைக் குழைத்துத் தீட்டி, மேலே சில செத்தைகளையும் மிதக்கவிட்டிருந்தாள். அவள் வீடு கரையோரம். மற்றவர்கள் புதுத் தண்ணீரை நின்று பார்த்ததில்லை. ஆற்றிலிருந்து நான்கு மைலுக்குள் வாழும் பிள்ளைகள் இவர்கள்! பாலத்தின்மேல் பஸ் ஓடும்போது கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

எனவே ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் முக்கொம்புக்குப் புறப்படுங்கள். திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் மாறிக்கொண்டால் டவுன் பஸ்ஸே போதும். அங்கே அகண்ட காவிரி வந்து இரண்டாகப் பிரிகிறது. தென்பக்கம் போவது காவிரி. வடபக்கம் போவது நம் கொள்ளிடம். பிள்ளைகளை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கம் பள்ளம்? கொள்ளிடம்தான் பள்ளம். அதனால் முற்காலத்தில் தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிட, காவிரியில் மணல் மேடிட்டுத் தஞ்சைச் சீமை காய்ந்தது. அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அந்த அணையில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து போயின. பிறகு அருகிலேயே புதிய கதவணை எழுப்பினார்கள். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, ஓர் ஆறு எவ்வளவு பலமுள்ளது என்பதை நாம் விளக்கவேண்டிய அவசியமே இருக்காது.

இங்கேதான் பாட்டி வேண்டும். 1977 நவம்பரில் திருச்சி வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தண்ணீர் எதுவரையில் ஏறிற்று, அடுப்பை எங்கே தூக்கி வைத்தார்கள், ஆட்டுக்குட்டியை யார் காப்பாற்றியது என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பழங்கதை. மதகின் இரைச்சலுக்கு எதிரே அமர்ந்து கேட்டால் பேரன் வாய் திறக்கமாட்டான். பாட்டியை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் வழிகாட்டியை விட்டுப் போகிறார்கள்.

கல்லணைக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே பகலில் முடிக்கப் பார்ப்பது, கட்டுச்சோற்றை நின்றுகொண்டு தின்பதற்குச் சமம். கரிகாற் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் இவ்வணை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையது. மேலே தெரியும் பாலமும் மதகும் பிற்காலத்தவை. பழைய அணை அவற்றின் அடியில் இருக்கிறது. ஆற்று மணலில் பாறைகளைப் போட, அவை அமிழ்ந்தன. அவற்றின்மேல் மேலும் போட்டார்கள். இனி அமிழாது என்னும் அளவுக்கு வந்தபின் களிமண்ணை இடையிட்டு மேலே எழுப்பினார்கள் என்பது பொறியாளர்கள் கூறும் விளக்கம். காட்டன் இதை ஆராய்ந்து, மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை இதனிடமிருந்தே கற்றதாகச் சொல்லியிருக்கிறார். "மணல்மேல் கட்டின வீடு விழும் என்று சுவிசேஷத்தில் இருக்கிறதே, இது மட்டும் ஏன் விழவில்லை?" என்று நம் பீடச் சிறுவன் ஒருவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கே போய் நின்று, அமிழ்ந்த பாறைகளின் கதையைச் சொன்னால் விடையும் கிடைக்கும். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-இல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய் ஆகிய நான்கும் எந்தெந்தத் திசையில் போகின்றன என்பதைப் பிள்ளைகள் கையால் காட்டும்வரையில் அங்கிருந்து நகரவேண்டாம்.

ஒரு காரியத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். பார்க்கப் போனவர்கள் குளிக்க இறங்குவதுதான் துக்கத்துக்கு வழி. மணல் அள்ளிய இடங்களில் ஆற்றின் அடியில் பள்ளங்கள் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குள் போய்விடுவான். மதகின் அருகே நீர் சுழன்று கீழே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது. மேட்டூரில் திறப்பு கூடினால் இங்கே மழையே இல்லாதபோதும் நீர்மட்டம் ஏறும். வெள்ள எச்சரிக்கை வந்திருந்தால் கரைக்கே போகவேண்டாம். வாலிபர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கால் நனைக்க ஆசையானால் படித்துறையில், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே. அவ்வளவுதான். படம் எடுப்பதற்காக மதகுச் சுவரில் ஏறுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டில் தாய்மார்கள் சொல்வார்கள்.

தாய்மார்கள் என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. உலா என்றால் வீட்டில் மற்றெல்லாருக்கும் ஓய்வு, அவர்களுக்கு மட்டும் இரட்டை வேலை என்றாகிவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிண்டி, எலுமிச்சைச் சாதம் கிளறி, துவையல் அரைத்து, பாத்திரங்களைக் கட்டி, அங்கே போய்ப் பரிமாறி, எச்சில் இலை எடுத்து, வீட்டுக்கு வந்து கழுவிக் கவிழ்க்கும்போது மணி இரவு பத்து. அவர்கள் ஆற்றைப் பார்த்தார்களா என்று யாராவது கேட்டதுண்டா? ஆகவே புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். ஒரு நாள் ஊறினால் ருசி கூடுமே தவிரக் குறையாது. தயிர்ச் சாதத்துக்குச் சோற்றைக் குழைத்து, பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுத்துச் சென்றால் நடுப்பகலுக்குச் சரியாக உறைந்திருக்கும், புளிக்காது. இந்த இரண்டும் ஒரு ஊறுகாயும் போதும். தூக்குவாளி தூக்குவது தகப்பனும் மகன்களும். பரிமாறுவதும் அவர்களே. திரும்பி வந்து பாத்திரம் தேய்ப்பதும் அவர்களே. இதற்குச் சம்மதமில்லாத ஆண்கள் உலாவை ஒத்திவைத்து, முதலில் இதைப் பற்றி வீட்டில் பேசி முடிக்கட்டும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சித்திரை வைகாசியில் பகலில் வீட்டிலேயே இருங்கள். அதிகாலையில் பனந்தோப்புப் பக்கம் நடந்து, நுங்கு வெட்டுகிறவர் இருந்தால் வாங்கித் தின்றுவிட்டு வெயிலேறுமுன் வரலாம். மாலையில், மணல் எஞ்சியிருக்கும் இடத்தில் ஆற்றுக்குள் இறங்கி, பிள்ளைகள் கையால் ஊற்றுத் தோண்டிப் பார்க்கட்டும். முழங்கை ஆழத்தில் ஈரம் தென்பட்டு, பிறகு தெளிந்த நீர் சுரப்பதைக் கண்டால் அவர்கள் இருட்டும்வரையில் எழுந்திருக்கமாட்டார்கள்.

இனிக் கரைவெட்டி. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருக்கும். மழைநீர் மட்டுமல்ல, மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அதில் சேருகிறது. ஆடியில் உங்கள் பிள்ளைகள் பார்த்த ஆற்றின் ஒரு பங்கைத்தான் மார்கழியில் இங்கே மறுபடியும் பார்க்கிறார்கள். அவர்களிடம் அதைச் சொல்லுங்கள். அரியலூர் மாவட்டத்திலுள்ள இந்த ஏரி சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம்; 2024 ஜனவரியில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. நம்மில் பலர் அதைக் கடந்து ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய் வருகிறோம். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய தலமல்லவா அது? அடுத்த முறை விடியலில் புறப்பட்டு முதலில் ஏரிக்கரையில் இறங்குங்கள், கோயிலுக்குப் பிறகு போகலாம். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அங்கே வரும் விருந்தாளிகளில் தலையாயது வரித்தலை வாத்து. சாம்பல் நிற உடல், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். ஒரு முறை பார்த்தால் மறக்காது. திபெத்து, மங்கோலியா ஆகிய பகுதிகளின் ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறப்பதை அறிவியலாளர் கருவி பொருத்திக் கண்டறிந்துள்ளனர். நாம் ஊட்டிக்குப் போகப் பணமில்லை என்று வருந்துகிறோம். அது இமயத்தைத் தாண்டி நம் ஏரிக்கு வந்து சேருகிறது! கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பிள்ளைகள் தாங்களாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள்: முன்னதற்குத் தாடையின்கீழ் பை, பின்னதற்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி. நீலத் தாழைக்கோழி கோரைப் புற்களுக்குள் நடப்பது, புதுச் சேலை நனையாமல் வரப்பில் நடக்கும் பெண்ணைப் போலிருக்கும்.

போகிறவர்கள் காலை ஆறரை மணிக்குள் கரையில் இருக்கவேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஏரியின் நடுவுக்குப் போய்விடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். கல்லெறிதல், கூச்சலிடுதல், கைப்பேசியில் பாட்டு வைத்தல் இவை மூன்றும் கூடா. கைக்குழந்தை அழுதால் அதற்காக யாரும் திரும்பவேண்டாம். சிறிது தூரம் தள்ளி நின்றால் போதும். காணும் பொங்கலன்று எல்லா இடத்திலும் ஜனநெருக்கடி இருக்கும். அதற்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ போங்கள். மாசி பிறந்து நீர் வற்றத் தொடங்கினால் வடதேசத்துப் பறவைகள் புறப்பட்டுவிடும். ஆகையால் கிறிஸ்மஸ் விடுமுறையிலேயே போய்வருவது நல்லது.

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மடக்கு நாற்காலி தேவைப்படுவோர் பங்கு மண்டபத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆறு நாற்காலிகள் இருக்கின்றன. ஒரு தொலைநோக்கியும் இருக்கிறது. இரண்டையும் திங்கட்கிழமை காலைக்குள் திருப்பித் தந்தால் அடுத்த குடும்பத்துக்கு உதவும்.