மாடுகளின் குறட்டை நோய்

மனிதர் உறங்கும்போது மாத்திரமே குறட்டை விடுவர். இந்நோய் கண்ட மாடோ விழித்து நிற்கும்போதும், தீனி தின்னும்போதும், ஏர் இழுக்கும்போதும் குறட்டை விடும். இரவில் தொழுவத்திலிருந்து கேட்கும் இச்சப்தத்தைக் கொழுத்த மாட்டின் சுபாவமென்று சில குடியானவர்கள் எண்ணியிருந்துவிடுகின்றனர். வேறு சிலர் சளியென்று கருதி மூக்கில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ ஊற்றுகின்றனர். ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கினால் மாட்டுக்கு நுரையீரல் அழற்சி கண்டு, இருந்த நோயைவிடப் பெரிய நோயாய் முடியும்.

மனிதரிலும், குறட்டையின் இடையே மூச்சு நின்று திணறி விழிப்பவரும், பகலில் வண்டியோட்டுகையில் கண் அயர்பவரும் வைத்தியரைக் காண வேண்டியவர்களே. ஆனால் அது வேறு வியாதி, ஒட்டுவதன்று. மாட்டின் குறட்டையோ ஒரு குட்டையிலிருந்து ஊர் மாடுகளுக்கெல்லாம் பரவக்கூடியது.

இதற்குக் காரணம் மூக்கின் உட்புறத்து இரத்தக் குழாய்களில் வாழும் நூல் போன்ற ஒரு புழு. சென்னை மாகாணத்து மாடுகளில் கண்ட இப்புழுவை எம். ஆனந்த நாராயண ராவ் என்பவர் 1933-ம் ஆண்டில் விவரித்து வெளியிட்டார். இதன் முட்டை வளரியைப் போல் வளைந்தது. முட்டைகள் தசையில் தங்குவதனால் மூக்கினுள் சிறு கொப்புளங்கள் தோன்றி, நாளடைவில் பூக்கோசைப் போன்ற சதை வளர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. சளி ஒழுகும்; சில வேளை அதில் இரத்தமும் கலந்திருக்கும். மாடு தீனி குறைந்து மெலியும், கறவை வற்றும், உழவு மாடு இரண்டு சால் ஓட்டுவதற்குள் இளைத்து நின்றுவிடும்.

மாடு குனிந்து நீர் குடிக்கையில் சளியோடு முட்டைகள் குட்டையில் விழுகின்றன. அவை பொரித்து வெளிவரும் குஞ்சு, ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் தட்டையாகச் சுருண்ட ஒருவகை நீர்நத்தைக்குள் புகுந்து, சில வாரங்களில் பல்லாயிரமாய்ப் பெருகி நீரில் இறங்குகின்றது. இறங்கியவை ஓரிரு நாளில் மாடு கிடைக்காவிடில் இறந்துபோகும். கிடைத்தால் நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்சென்று, இரத்தத்தோடு ஓடி மூக்கைச் சேரும். ஆகையால் மாடு அந்நீரைக் குடிக்க வேண்டுவதில்லை. கால் நனைத்து நின்றாலே போதும்.

மேட்டாங்காட்டில் கிணற்றுத் தொட்டியில் மாத்திரம் நீர் குடிக்கும் மாட்டுக்கு இந்நோய் வர ஏது குறைவு. ராஜ வாய்க்கால் பாயும் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களிலும், திருமணிமுத்தாற்றையொட்டிய ஏரிகளிலும், பாசியும் கோரையும் அடர்ந்து நீர் தேங்குமிடங்கள் இந்நத்தைக்கு ஏற்றவை. அங்கே எருமைகளையும் கவனிக்க வேண்டும். எருமைக்கு இப்புழு இருந்தும் பெரும்பாலும் குறட்டை வராது. நோயின்றிக் காணப்பட்டே குட்டையில் முட்டையிட்டு வரும். குறட்டை விடும் காளையை மட்டும் விலக்கிவிட்டு, எருமையை நாள் முழுவதும் அதே குட்டையில் கிடக்க விடுவதனால் யாதொரு பயனுமில்லை.

குறட்டையெல்லாம் இப்புழுவினால் வருவதன்று. மூக்கில் அட்டை புகுந்தாலும், வேறு கட்டி வளர்ந்தாலும், தொண்டையருகே நெறி கட்டினாலும் இச்சப்தம் உண்டாகும். நேற்று வரை சுகமாயிருந்த மாடு இன்று கடுஞ்சுரத்தோடு, தொண்டை வீங்கி, எச்சில் ஒழுக, கர்கரென்று மூச்சு விடுமாயின் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதற்கு ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. ஒரு நாளுக்குள்ளேயே மாடு இறந்துவிடக்கூடும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொள்வதே இதற்குத் தகுந்த வழி. மெல்ல மெல்ல வளர்ந்த குறட்டைக்கு அத்தனை அவசரமில்லையாயினும், பத்து நாளைக்கு மேல் நீடித்தால் மாட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சளியைத் துடைத்தெறியாமல் சிறிதளவு சுத்தமான சீசாவில் எடுத்துச் சென்றால், வைத்தியர் பூதக்கண்ணாடியில் முட்டையைக் கண்டு நோயை நிச்சயம் செய்வார்.

மருந்து உண்டு. அன்டிமனி சேர்ந்த ஊசிகள் நெடுநாள் வழக்கத்திலிருப்பவை. பிராசிகுவான்டல் என்னும் மருந்து பிற்காலத்தில் வந்தது. சினை மாட்டுக்கும் மிக மெலிந்த மாட்டுக்கும் அன்டிமனி ஆபத்தாகலாமாதலால், பக்கத்து வீட்டுக்காரர் மீத்து வைத்த மருந்தைத் தாமே போடுவது கூடாது. ஆரம்பத்தில் சிகிச்சை செய்தால் சதை சுருங்கி மூச்சு இலேசாகும். முற்றிப் பருத்தது முழுதும் கரையாது. சிகிச்சையான மாடும் அதே குட்டைக்குப் போனால் நோய் திரும்ப வரும்.

நத்தையைக் கொல்ல மயில்துத்தம் கரைப்பதுண்டு. ஆனால் அது மீனைக் கொல்லும். தாமிரம் மிகுந்த நீர் மேச்சேரி முதலிய செம்மறிகளுக்கு விஷமாகும். பாசியை வாரிக் கரையேற்றி உலர்த்துவதும், கோடையில் குட்டையைக் காயப் போடுவதும், வாத்து மேய விடுவதுமே குடியானவருக்கு எளியவை. மாட்டுக்குக் கிணற்று நீரைத் தொட்டியில் காட்டுவது எல்லாவற்றிலும் மேலானது.

புதன்சந்தை முதலிய இடங்களில் மாடு வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு, மூக்கின் முன் உள்ளங்கையை வைத்து இரு துவாரங்களிலும் மூச்சு ஒத்து வருகின்றதா என்றும் பார்ப்பது நலம். பின்பு அரை பர்லாங்கு விரைந்து நடத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சந்தைக் கூச்சலில் சிறு குறட்டை கேளாது. சற்று ஒதுக்கமாய் ஓட்டிச்சென்று கேட்பதற்கு, விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இடங்கொடுக்கலாகாது.