கண்மாய் தெரிந்தவருக்குச் செயற்கைக்கோள் வேலை

விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்துப் பக்கம் படிப்பை முடித்தவர்களுக்குச் சட்டென்று கண்ணில் படுவது பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ். 2021 பிப்ரவரி பட்டாசு ஆலை வெடிவிபத்தைக் கண்ட ஊரில், வேறு வழி உண்டா என்று கேட்பது இயல்பு. உண்டு, செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு நிலத்தையும் நீரையும் அளக்கும் ரிமோட் சென்சிங், அதாவது தொலையுணர்வு. வைப்பாற்றின் வெம்பக்கோட்டை அணையிலேயே பழகலாம்.

1. படம் இறக்குங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை இதே இடத்தைப் படமெடுக்கின்றன. படம் இலவசம், அதைத் திறக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். பருவமழைக்கு முன், புரட்டாசியில் தொடங்கி மாதம் ஒன்றாக 12 படம் சேருங்கள்.

2. நீரைப் பிரித்தெடுங்கள். அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும். பச்சை ஒளியை ஓரளவு திருப்பியனுப்பும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு. பொதுவாகப் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் நீர். படத்தில் அப்படி வரும் சிறு கட்டங்களை (பிக்சல்) எண்ணுங்கள். ஏக்கருக்குச் சுமார் 40 கட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும்.

3. நேரில் போங்கள். உள்ளூர்க்காரர் முந்துவது இங்கேதான். சித்திரை வெயிலிலும் பச்சையாகத் தெரிவதை வெளியூர்க்காரர் பயிர் என்று நினைக்கலாம். சீமைக்கருவேலம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய நீரைக் கணக்கு செடியென்றே காட்டும். கரையில் நின்று, ஜிபிஎஸ் புள்ளியும் தேதியுமாகப் போட்டோ எடுத்து, பார்த்ததை நோட்டில் எழுதி வையுங்கள்.

4. பெரிய அணைக்குப் போங்கள். மேட்டூருக்கு முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர் வற்றினால் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பண்ணவாடி நந்தி சிலையே வெளியே தெரியும். நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. படத்தில் எண்ணிய பரப்பு அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

படிப்பும் வேலையும். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்பர்மேட்டிக்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. இஸ்ரோவின் டேராடூன் நிறுவனம் இணையத்தில் இலவசக் குறும்பயிற்சி தருகிறது. ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம், நீர்வளத் திட்டங்கள், பயிர்க் காப்பீடு, வரைபட நிறுவனங்கள் எல்லாம் இந்தத் திறமை வேண்டியவையே.

நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழோடு அந்த 12 படத்தையும் கரையில் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள். சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கும்; நோட்டு உங்களிடம் மட்டும்தான். வருகிற புரட்டாசியில் முதல் படத்தை இறக்கிவிடுங்கள்.